இருபத்தேழாவது பொருள்

ஜூன் 3

தம்பிக்கு,

இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். போன மாதம் பேசி நாம் இருவரும் கிழித்தது போதும். மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் ஆபீஸ் வழக்கப்படி பதினொரு பேர் படிப்பார்கள், ஒருவரும் பதில் போட மாட்டார்கள். அதனால் டெம்போ டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் எப்படியும் இந்த சைட்டுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போய் வந்துகொண்டேதான் இருக்கிறார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காத நல்ல மனிதர்.

உன் முப்பத்தோராவது திங்கட்கிழமைக் கூட்டத்தின் மினிட்ஸ் வந்து சேர்ந்தது. கூட்டம் பதினோரு மணிக்கு. மினிட்ஸ் எனக்கு வந்தது பத்து ஐம்பதுக்கு. கூட்டம் தொடங்கும் முன்பே "நீண்ட விவாதத்துக்குப் பிறகு" என்று எழுதத் தனித் திறமை வேண்டும். பள்ளிக்கூடத்தில் உன்னிடம் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லையே, பாவம்.

மொத்தம் நாற்பத்தாறு வேலைகள். அதில் முப்பத்து மூன்று சைட் இன்ஜினீயர் பெயரில். சைட் இன்ஜினீயர் நான் ஒருத்திதான். நாம் கட்டுகிற விடுதியின் வாசலில் என்ன செடி வைப்பது என்று ஆர்க்கிடெக்டைக் கேட்டுச் சொல்ல வேண்டியதும் நானாம். அந்த ஆர்க்கிடெக்ட் உனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் நூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி மண்ணில் நிற்கிறேன்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இருபத்தொன்பதாவது பொருளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "சாப்பாட்டுக் கூடத்தின் ஸ்லாபுக்குக் கீழ் உள்ள முட்டுகள் 13ஆம் தேதி கழற்றப்படும். 14ஆம் தேதி டைல்ஸ் வேலை தொடங்கும். சைட் இன்ஜினீயர் ஒப்புக்கொண்டார்." யார் ஒப்புக்கொண்டது? எப்போது? அந்த ஸ்லாபுக்கு கான்கிரீட் போட்டதே போன சனிக்கிழமை. ஒன்பது மீட்டர் பீம், நடுவில் ஒரு தூண் கிடையாது. இருபத்தொரு நாள் முட்டு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் கழற்றினால் கீழே வேலை செய்கிறவர்கள் தலையில் கூரை வரும். நீயும் இன்ஜினீயரிங் படித்தவன்தானே, அல்லது அந்தச் சான்றிதழும் முன்கூட்டியே எழுதி வைத்ததா?

அந்த வரியை எடு.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாகியிருக்கிறது. நாக்குதான் அப்படியே இருக்கிறது.

மினிட்ஸை சனிக்கிழமையே அடித்து வைக்கிறேன். அது இங்கே ரகசியமில்லை. எங்கள் இயக்குநர் எதைச் சொன்னாலும் "அடுத்தது?" என்று கேட்கிற ஆள். ஆபீஸ் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். "முடிவு முதல்லயே கையில இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும்பா" என்பது அவருடைய சித்தாந்தம். பேச்சு என்னவோ மூன்று மணி நேரம் போகிறது. போன வாரம் அதில் ஐம்பது நிமிஷம், அதற்கு முந்தின வார மினிட்ஸில் ஒரு வார்த்தை சரியா தவறா என்று.

உன் பெயரில் ஏன் இத்தனை வேலை என்று கேட்டிருக்கிறாய். காரணம் எளிது. நாற்காலியில் யார் இல்லையோ அவர் பெயரில் எழுத வேண்டும். அதுவும் "அடுத்தது" வைத்த சட்டம். "இருக்கறவங்க மேல எழுதினா சண்டை வரும். இல்லாதவங்க தலைல எழுதுப்பா." எழுதியதை நான் ஒரு தடவை படித்துக் காட்டுவேன். எல்லாரும் "சரி" என்பார்கள். சரி என்று சொன்னபின் அடுத்த திங்கள் வரை கடவுளே வந்தாலும் அதை மாற்ற முடியாது. நீ எந்தத் திங்கட்கிழமையும் இங்கே இல்லை. கணக்கு முடிந்தது.

வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் தலைகீழ் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். அங்கே இருப்பவன் தலையில்தான் எல்லாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. நாளுக்கு நான்கு தடவை சொட்டு மருந்து விடுகிறவன் நான். நீ இரண்டு தடவை போனில் "எப்படி இருக்கே" என்றாய். அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நாற்பது தடவை சொல்லிப் பெருமைப்பட்டார்.

இருபத்தொன்பதாவது வரி இயக்குநர் சொன்னது. முட்டுகள் வேறு சைட்டுக்கு வேண்டுமாம். அதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எழுதுகிறவன் மட்டும்தான் நான்.

தம்பி

*

ஜூன் 6

தம்பிக்கு,

"எழுதுகிறவன் மட்டும்தான் நான்." இதைச் சட்டம் போட்டு மாட்டி வை. உன்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே "அடுத்தது" முன்னால் நின்று கெஞ்சினேன். ஒரு பேனாவுக்கு நாற்காலி கேட்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

நானும் கூட்டம் நடத்துகிறேன், தெரியுமா? தினமும் காலை ஏழு மணிக்கு, மணல் குவியலுக்குப் பக்கத்தில், பத்து நிமிஷம். நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு வளரும். கம்பி கட்டுகிறவர், பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், நான். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எது தடுக்கிறது. மூன்றே கேள்வி. யார் செய்வது, எப்போதுக்குள் என்று ஒரு பழைய பிளைவுட் பலகையில் சாக்பீஸால் எழுதுவோம். செய்ய வேண்டியவர் எதிரில் நின்று தலையசைத்தால்தான் எழுதுவோம். இதற்கு ஏசி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், உன்னைப் போல ஒரு பட்டதாரியும் வேண்டாம்.

அம்மா விஷயத்தில் நீ சொன்னது சரி. அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

இந்தக் கடிதத்தோடு டிரைவர் கியூப்களைக் கொண்டு வருகிறார். ஸ்லாபுக்குப் போட்ட அதே கான்கிரீட்டில் பிடித்து வைத்த கட்டிகள். வந்தது பன்னிரண்டு லாரி. ஒவ்வொரு லாரிக்கும் தனியாக எடுக்கச் சொல்லிக் குறி போட்டிருக்கிறேன். நாளை ஏழாம் நாள். லேபில் உடைத்துப் பார்த்து, மாலைக்குள் ரிப்போர்ட்டை உங்கள் ஆபீசுக்குத்தான் அனுப்புவார்கள், எனக்கு அனுப்ப மாட்டார்கள். அதுவும் உங்கள் ஏற்பாடுதான். வந்த உடனே எனக்குச் சொல். உடனே என்றால் உடனே. ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, போனே பண்ணு.

அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

ரிப்போர்ட் நேற்று ஐந்து மணிக்கு வந்துவிட்டது. பழுப்பு உறை, ஒட்டி, முத்திரை வைத்திருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

கத்தாதே. லேபிலிருந்து வருவதைக் கூட்டத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது இயக்குநர் உத்தரவு. முன்பு ஒரு தடவை யாரோ தனியாகப் பிரித்து, விஷயம் விடுதி கட்டச் சொன்ன கல்லூரிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டதாம். அஜெண்டாவில் அதை இருபத்தேழாவது பொருளாகப் போட்டிருக்கிறேன். முதல் பொருளாகப் போட முடியாது. முதல் ஒன்பதும் நிரந்தரம்: போன மினிட்ஸை வாசித்தல், அதில் திருத்தம், வாசலின் தோற்றம், இப்படி.

உன்னை மாதிரி எடுத்தெறிந்து பேசி வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போக என்னால் முடியாது. உன்னை எங்கே போனாலும் எடுத்துக்கொள்வார்கள். என்னை "அந்த அக்காவோட தம்பி" என்று எடுத்தார்கள். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நாளை எப்படியாவது இருபத்தேழு வரை கொண்டுபோகிறேன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும்.

தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

முப்பத்திரண்டாவது மினிட்ஸ் வந்தது. இருபத்தேழாவது பொருள், லேப் ரிப்போர்ட்: நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு. இருபத்தொன்பதாவது பொருள், முட்டு கழற்றல்: உறுதி செய்யப்பட்டது. இருபத்தேழுக்கு நேரமில்லை, இருபத்தொன்பதுக்கு இருந்ததா? இதை வாசித்துக் காட்டினாயே, ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா? உனக்கு?

இன்று காலை சென்ட்ரிங் மேஸ்திரி ஆட்களோடு வந்து நிற்கிறார். சுத்தியல், லாரி எல்லாம் தயார். கையில் உன் கையெழுத்து போட்ட தாள்.

"13ன்னு போட்டிருக்கு மேடம். கொஞ்சம் கொஞ்சமா இப்பவே தளர்த்தி வெச்சிடட்டுமா?"

"ஒரு முட்டைத் தொட்டாலும் கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

"எங்களுக்கு என்ன மேடம், ஆபீஸ்ல சொன்னாங்க."

அவர் மேல் தப்பு இல்லை. இப்போது சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே முந்நூற்று நாற்பது முட்டு நிற்கிறது. டைல்ஸ் போடுகிறவர்கள் பத்துப் பேர் வந்து இறங்கிவிட்டார்கள், அதில் இரண்டு பெண்கள். பெட்டியைக் கூடத்துக்குள் வைக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று எல்லாரையும் சைக்கிள் கொட்டகைக்கு அனுப்பியிருக்கிறேன்.

நீ ஒரு கோழை. இத்தனை நாள் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். ஒட்டிய உறை ஒன்று மேசையில் கிடக்கிறது, அதற்குள் பத்துப் பேர் உயிர் இருக்கிறது, நீ அதற்கு எண் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறாய். 13ஆம் தேதிக்குள் அந்த உறையைப் பிரிக்கவில்லை என்றால் எனக்குத் தம்பி இல்லை.

*

ஜூன் 11

அக்காவுக்கு,

பிரித்துவிட்டேன். நேற்று சாயங்காலம், கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு. என்னைப் பற்றி நீ நினைப்பதற்கு இதுவும் ஒத்துப்போகும்.

முதல் எட்டு லாரியும் நன்றாக இருக்கின்றன, கட்டியின் பலம் பதினேழுக்குக் குறையவில்லை. கடைசி நான்கு லாரி ஒன்பது, ஒன்பதரை, ஒன்பது, பத்து. ஏழாம் நாள் குறைந்தது பதினாறு இருக்க வேண்டும் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை "அடுத்தது" ஒரு அவசரக் கூட்டம் கூட்டினார். தலைப்பு நீதான். "சைட்டில் ஒத்துழையாமை." ஆர்க்கிடெக்ட், கல்லூரியின் ஆள், கொள்முதல் மேனேஜர், நான். கல்லூரியின் ஆளை நாங்கள் தலையாட்டி என்போம். முப்பத்திரண்டு கூட்டத்தில் அந்த மனிதர் வாய் திறந்ததில்லை. நாளை மறுநாள் போலீஸோடு போயாவது முட்டைக் கழற்றுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது இயக்குநருக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போனார். முடிவை மட்டும் எழுதிவிடு என்று எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

எழுதினேன். "13ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஸ்லாபின் அடியில் நின்று, முட்டு கழற்றும் உத்தரவில் கையெழுத்திட்டு, வேலை முடியும்வரை உடனிருக்க வேண்டியவர்: இயக்குநர்." உரக்கப் படித்தேன். எல்லாரும் சரி என்றார்கள். அவர்கள் எதையும் காதில் வாங்கிச் சரி சொல்வதில்லை.

அவர் திரும்பி வந்ததும் இன்னொரு தடவை படித்தேன்.

"என் பேரு எதுக்குப்பா?"

"நீங்க நாற்காலியில இல்ல சார்."

"மாத்து."

"எல்லாரும் சரின்னுட்டாங்க சார். அடுத்த திங்கள்தான் மாத்தலாம்."

பிறகு ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார். அந்த மனிதர் முழுசாக ஒரு தாளைப் படித்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் குடித்தார். "இருபத்தெட்டாம் நாள் ரிப்போர்ட்டும் வரட்டும். இதுல என்ன அவசரம்? யார் அவசரப்படுத்தினது?" என்று எங்களையே கேட்டார். முட்டுகள் நிற்கும். மேஸ்திரிக்கு உத்தரவு போய்விட்டது.

அதன் பிறகு, "உறையை யார் பிரிச்சது?" என்றார். நான்தான் என்றேன். நாளையிலிருந்து எனக்குக் கீழ்த்தளத்தில் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறை. மினிட்ஸ் எழுத வேறு ஆள். வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒன்று மட்டும் புரியவில்லை. எட்டு லாரி சரியாக இருக்க, கடைசி நான்கு மட்டும் எப்படி? கான்கிரீட் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானா?

தம்பி

*

ஜூன் 13

தம்பிக்கு,

உன்னைக் கோழை என்று எழுதிய தாளை உன்னிடம் கேட்டு வாங்கிக் கிழிக்க வேண்டும் போல இருக்கிறது. இதையும் போனில் சொல்லலாம். சொன்னால் நடுவில் நீ ஏதாவது பேசுவாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவேன்.

கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை. கான்கிரீட் நன்றாகத்தான் வந்தது. 31ஆம் தேதி எட்டு லாரி இறங்கும்வரை நான் மேலேயே நின்றேன். பிறகு என் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். முப்பதாவது கூட்டத்தின் வேலைகளுக்கெல்லாம் இரண்டு மணிக்குள் பதில் கேட்டிருந்தாய். அதுதான் காரணம் என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. அது காரணம் இல்லை. உங்களையெல்லாம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ரசித்து எழுதினேன். ஒன்றரை மணி நேரம்.

வெளியே வந்தபோது மேலே கான்கிரீட் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் இறுகிப்போய் வாரிப் பரப்ப முடியவில்லை என்று லாரிக்குள்ளேயே தண்ணீர் ஹோஸை விட்டிருக்கிறார்கள். "கொஞ்சம்தான் மேடம் ஊத்தினோம்" என்றார் கான்கிரீட் மேஸ்திரி. கொஞ்சம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மூன்று லாரி இறங்கிவிட்டது, நான்காவது இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் திங்கட்கிழமை மேசையில் என் பெயர் என்ன ஆகும் என்று நினைத்தேன். சரக்கு சரி என்று அந்த நான்கு லாரியின் டெலிவரி சீட்டிலும் கையெழுத்து போட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. முட்டைத் தொடாதே என்று நான் ஆடிய ஆட்டமெல்லாம் இருபத்தொரு நாள் விதிக்காக மட்டும் இல்லை. அது எப்படிப் போட்ட ஸ்லாப் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உனக்கு முதல் வருஷப் பாடம் நடத்தினேன்.

திங்கட்கிழமை முப்பத்து மூன்றாவது கூட்டத்துக்கு நான் நேரில் வருகிறேன். நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

உனக்குப் பைத்தியமா? இரண்டு வாரமாக என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாயே, அப்போது ஒரு வரி, ஒரே ஒரு வரி, இதை எழுதியிருக்கலாமே. உனக்காக என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு இங்கே தூசியில் தும்மிக்கொண்டிருக்கிறேன். நீ தப்பே செய்யாதவள் என்று நம்பிக் கொடுத்தது அது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் இதைக் கேள். வரவேண்டாம். சொல்லவும் வேண்டாம். சீட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனிக்காரன் மேல் போடு. ஆபீஸும் அதைத்தான் விரும்பும், இயக்குநர் ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். சொன்னால் உன் வேலை போகும். அதோடு நிற்காது, இனி எந்தக் கட்டடத்திலும் உன் கையெழுத்தை ஒருவரும் ஏற்க மாட்டார்கள். பதினாறு வருஷம், அக்கா.

மீறி வந்தால் என்னைத் தேடாதே. திங்கள் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வேண்டுமென்றேதான் அன்றைக்கு நேரம் வாங்கினேன்.

தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

வந்தேன். உங்கள் கூட்ட அறையை முதல்முறையாகப் பார்த்தேன். இவ்வளவு பெரிய மேசையில் இவ்வளவு குறைவாக வேலை நடக்கும் என்று பார்த்தால்தான் நம்ப முடியும். பதினொன்றுக்குத் தொடங்கினார்கள். வாசலின் தோற்றம் முடியவே பன்னிரண்டரை. நான் காத்திருக்கவில்லை. நான்காவது பொருளின் நடுவில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றியது, நான் இல்லாதது, பிறகு பார்த்தது, கையெழுத்து போட்டது.

உனக்குப் பதிலாக எழுத வந்தவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "அடுத்தது?" என்றார். வாசலுக்கு எந்தச் செடி என்று பேச்சு தொடர்ந்தது. நீ தினமும் இவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாயா? அதற்குத் தனித் தைரியம் வேண்டும். முன்பு எழுதியதுபோல இது கிண்டல் இல்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம். உங்கள் தலையாட்டி.

"அந்த நாலு லாரி எந்தப் பக்கம்மா?"

"கிழக்குப் பக்கம். கடைசி ரெண்டு பீம்."

"இடிக்கணுமா?"

"இடிக்கணும்."

"எழுதித் தருவீங்களா?"

படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நான்கு சீட்டையும் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கல்லூரியின் உத்தரவு இன்று காலை சைட்டுக்கு வந்துவிட்டது. கிழக்குப் பக்கத்தை இடித்து மறுபடி போட வேண்டும். அது முடியும்வரை நான் இருக்கலாம். அதற்குப் பிறகு என் பெயர் இந்த வேலையில் இல்லை. டைல்ஸ்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் என்றேன். அந்தப் பெண்களில் ஒருத்தி, "பரவால்லக்கா, யாருக்கும் அடிபடலயே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று உங்கள் தெரு முனைவரை நடந்து வந்தேன். வீட்டுக்குள் வரக் கால் வரவில்லை. வெட்கமாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் திரும்பிப் போனேன். உன்னை ஏசியதில் பாதிக்கு மேல் நான் என்னை ஏசிக்கொண்டது. அதை உன் தலையில் கட்டியது அநியாயம்.

சனிக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் இருப்பேன். சொட்டு மருந்தை நான் விடுகிறேன், நீ தூங்கு. அம்மாவிடம் இதில் எதையும் நீ சொல்லிவிடாதே. என் வாயால் நானே சொல்கிறேன்.

அக்கா